உள்ளூர்க்காரருக்கு டெண்டர் கொடுத்தால் ஊர் வளர்ந்துவிடுமா?

கேள்வி: "இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்றொரு ஊர். பெரிய முதலீடு எதுவும் வராமலே, கவுன்சில், கல்லூரி, போலீஸ் எல்லாம் உள்ளூரில் பொருள் வாங்க ஆரம்பித்ததால் அந்த ஊர் நிமிர்ந்துவிட்டது என்கிறார்கள். இதற்குச் 'சமூகச் செல்வ உருவாக்கம்' என்று பெயராம். உண்மையா, விளம்பரமா? நம் பக்கம் இது எடுபடுமா?"

நிமிர்ந்தது என்பது பெரும்பாலும் சரிதான். உள்ளூரில் வாங்கியதால் நிமிர்ந்தது என்னும் இடத்தில்தான் எனக்கு நெருடல். நான் பல வருடம் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பில் பார்த்தவன். 'உள்ளூர்க் கான்ட்ராக்டர்' என்ற சொல் எனக்கு இனிய நினைவுகளைத் தருவதில்லை. பிரெஸ்டன் கதையைப் படிக்க ஆரம்பித்ததே அந்தச் சந்தேகத்தோடுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிரெஸ்டன், லங்காஷயரில் ரிபிள் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய பஞ்சாலை ஊர். நூற்பு இயந்திரத்தைப் பெரிய ஆலைக்குள் கொண்டுவந்த ரிச்சர்ட் ஆர்க்ரைட் பிறந்தது இங்கேதான். மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆலைகள் போன பிறகு, எல்லா ஊரையும் போலவே இதுவும் வெளியிலிருந்து யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருந்தது. காப்பாற்ற வந்த திட்டத்துக்குப் பெயர் டைத்பார்ன். நகர நடுவில் 70 கோடி பவுண்டு செலவில் பெரிய வணிக வளாகம். அதில் ஜான் லூயிஸ் என்ற பெரிய பலசரக்குத் துணிக்கடை நிறுவனம்தான் முக்கியமான வாடகைதாரர். பல வருடம் வரைபடத்திலேயே இருந்தது. 2008இல் உலக நிதி நெருக்கடி. 2011 நவம்பரில் ஜான் லூயிஸ் வரவில்லை என்று சொல்லிவிட்டது. திட்டம் அத்தோடு படுத்துவிட்டது. அதே நேரத்தில் லண்டன் அரசு சிக்கனம் என்று சொல்லி உள்ளாட்சி மானியங்களை வெட்டிக்கொண்டிருந்தது. கையில் காசு இல்லை, வரப்போகும் முதலாளியும் இல்லை.

அந்த நிலையில் மாத்யூ பிரவுன் என்ற லேபர் கட்சிக் கவுன்சிலர் (2018இல் கவுன்சில் தலைவரானார்) ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார். வெளியிலிருந்து பணம் எப்போது வரும் என்று கேட்பதை விட்டுவிட்டு, ஏற்கெனவே இங்கே செலவாகிற பணம் எங்கே போகிறது என்று பார்ப்போமே என்றார். மான்செஸ்டரில் உள்ளூர்ப் பொருளாதார உத்திகள் மையம் என்ற ஆய்வு நிறுவனம் உண்டு. அவர்களைக் கூப்பிட்டார். நகர கவுன்சில், லங்காஷயர் கவுன்டி கவுன்சில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி), காவல்துறை, இரண்டு கல்லூரிகள், ஒரு வீட்டுவசதிச் சங்கம் என ஆறு அமைப்புகள் கணக்கைத் திறந்துகாட்டச் சம்மதித்தன.

ஆராய்ச்சி என்றால் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்த அலுவலகத்திலும் ஒரு நல்ல எழுத்தர் செய்துவிடக்கூடிய வேலை. 2012-13இல் ஒவ்வோர் அமைப்பும் அதிகமாகப் பணம் கொடுத்த 300 சப்ளையர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவரும் எந்த அஞ்சல் குறியீட்டில் இருக்கிறார் என்று பார்த்தார்கள். கிடைத்த விடை: மொத்தக் கொள்முதல் சுமார் 75 கோடி பவுண்டு. அதில் பிரெஸ்டனுக்குள் தங்கியது 3.8 கோடி, அதாவது நூற்றுக்கு ஐந்து. லங்காஷயர் முழுவதையும் சேர்த்தால் 29.2 கோடி, நூற்றுக்கு 39. மீதி 45 கோடி பவுண்டுக்கு மேல் கவுன்டியை விட்டே வெளியே போய்க்கொண்டிருந்தது. மடை திறந்து கிடக்கும்போது கண்மாய்க்கு மழை வரவில்லையே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இந்த அமைப்புகளை ஆங்கிலத்தில் 'நங்கூர' நிறுவனங்கள் என்பார்கள். நிலைக்கு வந்த தேர் மாதிரி, அவை ஊரை விட்டு நகராது. ஜான் லூயிஸ் வராமல் போகலாம். நாளைக்கு ஒரு தொழிற்சாலை வியட்நாமுக்கு ஓடலாம். அரசு மருத்துவமனையைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட முடியாது. அது தினமும் ரொட்டி வாங்கும், துணி துவைக்கக் கொடுக்கும், சுவருக்கு வெள்ளையடிக்கும். அந்தச் செலவைப் பிடித்து வைப்பதுதான் இந்த வழிமுறையின் முதல் படி.

சரி, உள்ளூர்க்காரருக்கே கொடுங்கள் என்று ஓர் உத்தரவு போட்டுவிடலாமே? முடியாது. அப்போது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது. அதன் கொள்முதல் விதிப்படி, பக்கத்துத் தெருக்காரர் என்பதற்காக ஒருவருக்குச் சலுகை காட்டக் கூடாது. அவர்கள் செய்தது வேறு. டெண்டரை உடைத்தார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் பள்ளிச் சாப்பாடு. கவுன்டி கவுன்சிலின் உணவு ஒப்பந்தத்தை ஒரே மூட்டையாகக் கட்டினால் அதைத் தூக்க நாடு முழுக்க லாரி ஓட்டும் நிறுவனத்தால்தான் முடியும். அதிகாரிகள் அதைப் பிரித்துப் போட்டார்கள். தயிர் தனி, முட்டை தனி, பால் தனி, சீஸ் தனி, சாண்ட்விச்சுக்குள் வைக்கும் சாமான் தனி. தயிர் செய்கிறவர் தயிருக்கு மட்டும் விலை போட்டால் போதும் என்றானதும், லங்காஷயர் பண்ணைகளிடம் கொள்முதல் செய்யும் உள்ளூர் சப்ளையர்களே எல்லாப் பகுதிகளையும் எடுத்தார்கள். கவுன்டிக்குள் சுமார் 20 லட்சம் பவுண்டு தங்கியது. யாருக்கும் சலுகை இல்லை, விலையிலும் தரத்திலும் தளர்வு இல்லை. கதவின் அகலத்தை மட்டும் மாற்றினார்கள்.

தமிழ்நாட்டில் ஒப்பந்த வேலை தெரிந்தவர்களுக்கு இதன் நேர் எதிர்ச் சொல் பழக்கம்: 'பேக்கேஜ் டெண்டர்'. பத்துச் சாலையை ஒரே கட்டாகக் கட்டி, இவ்வளவு கோடி டர்ன்ஓவர் இருக்க வேண்டும், இவ்வளவு முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டால், சிறிய ஒப்பந்ததாரர் வாசலிலேயே நின்றுவிடுவார். விதி மீறல் என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் வெல்லப்போவது யார் என்பது நிபந்தனை எழுதும்போதே முடிவாகிவிடும். பிரெஸ்டன்காரர்கள் அதே பேனாவை எதிர்ப்பக்கமாக ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு சமாச்சாரமும் உண்டு. அதைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் அதிகம் எழுதுவதில்லை. பில் எப்போது பாஸ் ஆகும்? எங்கள் அலுவலகத்துக்குத் துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் போட்ட ஒரு சின்னக் கடைக்காரர் இருந்தார். சரக்கு நல்ல சரக்கு. அவருடைய பில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போவதற்குள் ஒன்பது மாதம் ஆனது. ஒருமுறை அளவுப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை, இன்னொருமுறை நிதியாண்டு முடிந்துவிட்டது. அவர் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கிச் சரக்கு எடுத்தவர். லாபம் மொத்தமும் வட்டிக்கே போனது. அடுத்த வருடம் அவர் கொட்டேஷனே போடவில்லை. வந்தது வெளியூர் ஏஜென்சி. அவர்களால் ஒரு வருடம்கூடக் காத்திருக்க முடியும். காத்திருப்புக்கும் சேர்த்து விலையில் ஏற்றிக்கொள்ளவும் தெரியும். உள்ளூரில் வாங்குவோம் என்று எந்த அலுவலகம் தீர்மானம் போட்டாலும், முப்பது நாளில் பணம் தருவோம் என்ற வரி அதில் இல்லை என்றால் அந்தத் தீர்மானத்தை நான் நம்ப மாட்டேன்.

கதைக்கு வருகிறேன். 2016-17இல் மறுபடி அதே கணக்கைப் போட்டார்கள். சிக்கனத்தால் மொத்தக் கொள்முதல் 61.7 கோடி பவுண்டாகச் சுருங்கியிருந்தது. ஆனால் பிரெஸ்டனுக்குள் தங்கியது 11.23 கோடி, 18 சதவீதத்துக்குச் சற்று மேல். லங்காஷயருக்குள் தங்கியது 48.87 கோடி, 79 சதவீதம். பானை சிறுத்தும் பங்கு பெருத்தது. 2018இல் திறந்த புதிய மார்க்கெட் ஹாலைக் கட்டியது கான்லன் என்ற உள்ளூர் நிறுவனம். அதே வருடம் டெமாஸ் என்ற ஆய்வு அமைப்பும் பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனமும் சேர்ந்து போடும் தரவரிசையில் பிரிட்டனிலேயே அதிகம் முன்னேறிய நகரம் என்று பிரெஸ்டன் பெயர் வாங்கியது.

இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2013இல் பிரெஸ்டன், சவுத் ரிபிள் பகுதிகளுக்குச் 'சிட்டி டீல்' என்ற பெயரில் சாலைக்கும் வீடுகளுக்குமாக 43 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட திட்டம் வந்தது. ஆகவே முதலீடே வராமல் முன்னேறியது என்பது தவறு. எந்த முன்னேற்றம் எதனால் வந்தது என்று கத்தரித்துப் பிரிப்பது கடினம். இருப்பதில் எனக்குத் திருப்தியான சான்று 2023இல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வுதான். இந்த வழிமுறை இல்லாத, மற்றபடி இதை ஒத்த ஊர்களோடு பிரெஸ்டனை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட மனச்சோர்வு மருந்துச் சீட்டுகள் 3 சதவீதமும், மனச்சோர்வு நோய் 2 சதவீதமும் குறைந்திருந்தன. வாழ்க்கைத் திருப்தி 9 சதவீதமும், நடுநிலை ஊதியம் (எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது) 11 சதவீதமும் கூடியிருந்தன. மருந்துச் சீட்டுக் கணக்கு சின்னதுதான். ஊதியக் கணக்கு சின்னதில்லை.

எல்லா ஊரும் இப்படியே செய்தால் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் பிடுங்குவதுதானே என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பக்கத்து ஊர் பிளாக்பர்ன் தச்சருக்குப் போன வேலையைப் பிரெஸ்டன் தச்சருக்கு மாற்றினால் மொத்தத்தில் லாபமே இல்லை. ஆனால் மேலே சொன்ன எண்களில் லங்காஷயரின் பங்கு 39இலிருந்து 79 ஆனதைக் கவனியுங்கள். கவுன்டிக்குள் இருக்கும் பக்கத்து ஊர்களின் பங்கும் கூடித்தான் இருக்கிறது. போனது பெரும்பாலும் தொலைவில் தலைமையகம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் பங்கு. அந்தப் பங்கில் கணிசமானது பங்குதாரர்களின் ஈவுத்தொகையாகப் போகும், எந்த ஊர்க் கடைத்தெருவுக்கும் திரும்பாது. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கைமாறும் ஒவ்வொரு முறையும் நூறில் அறுபது ஊரிலேயே தங்கினால், சுற்றிச் சுற்றி வந்து நூறு ரூபாய் 250 ரூபாய் வேலை செய்யும். இருபதுதான் தங்குகிறது என்றால் 125. வித்தியாசம் அங்கேதான்.

இப்போது என் நெருடல். அந்த அறுபது ரூபாய் ஊருக்குள் யார் கையில் தங்குகிறது? உள்ளூர் முதலாளி ஒருவர் கையில் தங்கி, அவர் ஆட்களுக்கு அரைக் கூலி கொடுத்து, மிச்சத்தில் ஊருக்கு வெளியே நிலம் வாங்கிப் போட்டால், ஊருக்கு என்ன ஆயிற்று? அஞ்சல் குறியீடு மட்டும் சரியாக இருக்கும். நம் ஊர்களில் உள்ளூர் ஒப்பந்ததாரர் என்பவர் பல சமயம் கவுன்சிலரின் மைத்துனர். 1998இல் தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்ததே இந்த உறவுமுறையைக் கட்டுப்படுத்தத்தான். எனவே 'உள்ளூரில் வாங்கு' என்பதை மட்டும் இறக்குமதி செய்தால், 'நம்ம ஆளுக்குக் கொடு' என்பதற்கு ஒரு நாகரிகமான பெயர் கிடைத்துவிடும். சமூகச் செல்வ உருவாக்கம் என்ற சொல்லில் கனமான சொல் செல்வம். வருமானம் வந்து போகும். செல்வம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதே கேள்வி.

பிரவுனுக்கு இது தெரிந்திருந்தது. அவர் பார்த்து மயங்கிய இடம் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட். இந்தச் சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த டெட் ஹோவர்டும் அவருடைய ஜனநாயகக் கூட்டமைப்பு என்ற அமைப்பும் அங்கேதான் பெரிய சோதனையைச் செய்தார்கள். 1950இல் ஒன்பது லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த தொழில் நகரம் அது. 2010இல் நான்கு லட்சத்துக்கும் குறைவு. ஆனால் ஊர் நடுவே கிளீவ்லேண்ட் கிளினிக், பல்கலைக்கழக மருத்துவமனை, கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் என மூன்று பெரும் அமைப்புகள். மூன்றும் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 300 கோடி டாலருக்குப் பொருளும் சேவையும் வாங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் மதில் சுவரை ஒட்டியே ஊரின் மிக ஏழ்மையான கறுப்பினக் குடியிருப்புகள்.

2009இல் அந்தக் குடியிருப்புகளில் ஒன்றான கிளென்வில்லில் ஒரு சலவை ஆலையைத் திறந்தார்கள். எவர்கிரீன் கூட்டுறவுச் சலவையகம். மருத்துவமனைப் படுக்கை விரிப்பு என்பது விளையாட்டில்லை. டன் கணக்கில் வரும். ரத்தமும் சீழும் கலந்து வரும். மறுநாள் காலைக்குள் திரும்பியாக வேண்டும். அங்கே வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் சிறை சென்று திரும்பியவர்களும் இருந்தார்கள், வேறு எங்கேயும் யாரும் எடுக்காதவர்கள். தகுதிகாண் காலம் முடிந்ததும் சக ஊழியர்கள் வாக்களித்து உறுப்பினராக்குவார்கள். உறுப்பினர் பங்கு 3,000 டாலர். கையில் ஏது அவ்வளவு பணம்? மணிக்கு 50 சென்ட் வீதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். துணி மடித்துக்கொண்டே ஆலையின் பங்குதாரர் ஆகிவிடலாம். லாபம் வந்தால் அவரவர் மூலதனக் கணக்கில் ஏறும். வீடு வாங்கவும் இதே மாதிரி சம்பளப் பிடித்தத் திட்டம் ஒன்று வைத்தார்கள்.

அழகான கதைதான், ஆனால் ஆரம்பத்தில் ஓடவில்லை. பெரிய மருத்துவமனைகளின் சலவை ஒப்பந்தம் ஏற்கெனவே வேறு நிறுவனங்களிடம் இருந்தது. நல்லெண்ணம் நிறைய இருந்தது, அழுக்குத் துணிதான் வரவில்லை. முதியோர் இல்லங்களின் துணியை வைத்துப் பல வருடம் ஓட்டினார்கள். 2018இல்தான் கிளீவ்லேண்ட் கிளினிக் தன் சொந்தச் சலவை ஆலையை, வெளி நிறுவனம் ஒன்று நடத்திக்கொண்டிருந்ததை, எவர்கிரீனிடம் கொடுத்தது. அங்கிருந்த தொழிலாளர்கள் அப்படியே கூட்டுறவுக்குள் வந்தார்கள். அதே இயந்திரங்கள், அதே வேலை. முதலாளி மட்டும் மாறினார். ஒன்பது வருடக் காத்திருப்பு என்பதைக் கவனியுங்கள். எவர்கிரீன் இன்றும் சில நூறு பேருக்குத்தான் வேலை தருகிறது. கிளீவ்லேண்டின் வறுமைக்கு முன்னால் அது உள்ளங்கை நீர். எனக்கு அதில் ஏமாற்றமில்லை, ஆனால் இதைப் புரட்சி என்று எழுதுகிறவர்களோடு ஒத்துப்போகவும் முடியவில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பிரெஸ்டனைத் திரும்பிப் பார்த்தால், கொள்முதல் பாதியில் நூற்றுக்கு எழுபது மார்க், உடைமைப் பாதியில் முப்பது. கவுன்சில் 2012லேயே வட இங்கிலாந்தில் முதலாவதாக வாழ்வூதியம் தரும் நிறுவனமாக அங்கீகாரம் பெற்றது. அது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைவிடக் கூடுதல், வாங்குவதைக் கொண்டு குடும்பம் நடத்த முடியுமா என்று பார்த்துக் கணக்கிடுவது. அதை ஒப்பந்ததாரர்களிடமும் வலியுறுத்தினார்கள். இது முக்கியம், மைத்துனர் பிரச்சினைக்குப் பாதி மருந்து இதில் இருக்கிறது. 2025இல் நகர நடுவில் அனிமேட் என்ற பொழுதுபோக்கு வளாகம் திறந்தார்கள்: சினிமா, பவுலிங், சாப்பாட்டுக் கடைகள். டைத்பார்ன் கனவின் சின்ன வாரிசு என்று சொல்லலாம். ஆனால் இதன் சொந்தக்காரர் கவுன்சிலே. வாடகை கவுன்சிலுக்கு வரும். தொழிலாளர் கூட்டுறவுகளோ இன்னும் கைவிரல் கணக்கில்தான் இருக்கின்றன, அவையும் சிறியவை. வேடிக்கை என்னவென்றால், நவீனக் கூட்டுறவு இயக்கம் பிறந்த ராச்டேல் அன்றைய லங்காஷயர்தான். 1844 டிசம்பரில் 28 பேர் சேர்ந்து வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தியோடு கடை திறந்தார்கள். அந்த மண்ணிலேயே கூட்டுறவை மறுபடி பதியம் போட இவ்வளவு பாடு.

அதற்குக் காரணம் உண்டு. டெண்டரை உடைக்க ஓர் அதிகாரியின் மனம் மாறினால் போதும். கூட்டுறவு வளர மூலதனம், பயிற்சி, நஷ்டத்தைத் தாங்கும் துணை எல்லாம் வேண்டும். ஸ்பெயினில் பாஸ்க் நாட்டு மோந்திராகோனில் அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற பாதிரியார் 1941இல் வந்து சேர்ந்தார். 1943இல் தொழிற்பள்ளி ஆரம்பித்தார், 1956இல்தான் முதல் கூட்டுறவு ஆலை, 1959இல் அவற்றுக்கென்றே ஒரு வங்கி. பள்ளி, ஆலை, வங்கி என்ற அந்த வரிசைதான் ரகசியம். 2013இல் குளிர்சாதனப்பெட்டி, சலவை இயந்திரம் செய்த ஃபாகோர் என்ற கூட்டுறவு திவாலானபோது, அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோரை மற்றக் கூட்டுறவுகள் எடுத்துக்கொண்டன. தனியாக நிற்கும் கூட்டுறவு ஒன்று விழுந்தால் விழுந்ததுதான்.

நம் பக்கம் எடுபடுமா என்று கேட்டீர்கள். உடைமைப் பாதிக்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கோழிக்கோடு மாவட்டத்தில் வடகரைக்கு அருகே 1925இல் 14 பேரோடு தொடங்கியது ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். சீர்திருத்தவாதி வாக்படானந்தரைப் பின்பற்றியதற்காக நிலக்கிழார்கள் வேலை கொடுக்க மறுத்த இளைஞர்கள், நாங்களே வேலை எடுக்கிறோம் என்று கிளம்பியதுதான் ஆரம்பம். இன்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள்; சாலை, பாலம் போடுகிறார்கள், கோழிக்கோட்டில் ஐடி பூங்காவும் நடத்துகிறார்கள். இயக்குநர்கள் தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அரசு அவர்களுக்கு வேலை தருவதில் தனிச் சலுகை காட்டுகிறது என்ற விமர்சனமும் கேரளத்தில் உண்டு. காட்டுகிறதுதான். ஆனால் லாபம் ஒரு குடும்பத்தின் பெயரில் சேராது என்பதால் எனக்கு அந்தச் சலுகை பெரிதாக உறுத்துவதில்லை. உறுத்துகிறவர்களின் வாதமும் அர்த்தமற்றது இல்லை.

தமிழ்நாட்டிலும் இந்தப் பெயர் வைக்காமல் சில வேலைகள் நடந்துகொண்டே இருக்கின்றன. 1983இல் எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் ஏழைக்குத் துணி கொடுக்க மட்டும் வந்ததில்லை. நெசவாளர்களுக்கு வருடம் முழுக்கத் தறி ஓட வேண்டும் என்பதும் அதன் நோக்கம். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளின் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. 2022இல் வந்த காலை உணவுத் திட்டத்தில் பல இடங்களில் சுய உதவிக்குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். இவை எல்லாம் அரசின் கொள்முதல் பலத்தை மக்கள் அமைப்புகளின் பக்கம் திருப்பும் வேலைகளே. குறை எங்கே என்றால், உறுப்பினர் கையில் முடிவெடுக்கும் அதிகாரம் குறைவு. ஆர்டர் கோட்டையிலிருந்து வர வேண்டும், விலையைக் கோட்டை நிர்ணயிக்க வேண்டும், சங்கத்தில் தேர்தல் எப்போது நடக்கும் என்பதும் கோட்டை சொல்ல வேண்டும். எவர்கிரீனில் துணி மடிக்கிறவர் ஓட்டுப் போட்டு ஆளைச் சேர்க்கிறார். நம் தையல் சங்கத்து உறுப்பினரிடம் நீங்கள் இதன் சொந்தக்காரரா என்று கேட்டுப் பாருங்கள். தையல்கூலி பற்றிப் பேசுவார்.

ஆகவே உங்கள் ஊரில் ஆரம்பிக்க வேண்டும் என்றால், மாநாடு போடாதீர்கள். பிரெஸ்டன் செய்த முதல் வேலையைச் செய்யுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் நகராட்சியிடம் கேளுங்கள்: சென்ற நிதியாண்டில் அதிகத் தொகை பெற்ற முதல் நூறு சப்ளையர்கள், ஒப்பந்ததாரர்கள் யார், எவ்வளவு பெற்றார்கள், முகவரி என்ன, ஜிஎஸ்டி எண் என்ன, பில் கொடுத்த தேதி எது, பணம் போன தேதி எது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். தருவார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன், மேல்முறையீடு வரை போகத் தயாராக இருங்கள்.

பட்டியல் வந்ததும் ஜிஎஸ்டி எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். 33 என்றால் தமிழ்நாடு. அதை நம்பி உள்ளூர் என்று குறித்துவிடாதீர்கள். மும்பை நிறுவனத்துக்குச் சென்னையில் ஒரு கிளை இருந்தாலும் அந்தக் கிளையின் எண் 33 என்றுதான் ஆரம்பிக்கும். அடுத்த பத்து எழுத்துகள் பான் எண். அதில் நான்காவது எழுத்தை, அதாவது மொத்த எண்ணில் ஆறாவதைப் பாருங்கள். பி என்றால் தனிநபர், எஃப் என்றால் கூட்டு வணிகம், சி என்றால் கம்பெனி. கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பெரும்பாலும் ஏ என்றிருக்கும். ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையை எழுதிக் கூட்டுங்கள். ஏ பத்தியில் என்ன வருகிறது என்று தெரிந்த பிறகு, அடுத்து எந்த டெண்டரை உடைக்கச் சொல்லலாம், யாரை அதற்குத் தயார் செய்யலாம் என்று பேசலாம்.